கடைசி இரண்டு நாள்



வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் விடுமுறைக்கு வரத் தொடங்கிவிட்டால் எங்கள் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "போறதுக்கு முதல் இவையளை எங்கை கூட்டிக்கொண்டு போறது?" பாரிஸ், ரோம், சிங்கப்பூர் எல்லாம் பார்த்துவிட்டு வந்திருப்பவர்களுக்கு எங்கள் ஊரில் எதைக் காட்டுவது? கேட்கும்போது சிறிய கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்காகக் காப்பை அடகு வைத்தவர்களையும், கிழமைக் கடன் எடுத்தவர்களையும் நான் அறிவேன். நானும் அந்த வழியில் கால் வைக்க இருந்தவள்தான். ஆகவே இந்த மாதம் அதைப்பற்றியே பேசுவோம்.

போன வருடம் சித்திரையில் என் பெரியம்மாவின் மகள் கனடாவிலிருந்து வந்திருந்தா. எனக்கு அக்கா முறை. பண்டத்தரிப்பில் ஒரே வளவுக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள். 1989 இல் போனவ, முப்பத்தைந்து வருடத்தின் பின் இப்போதுதான் முதல் தடவையாக வந்தா. பெரியம்மாவுக்கு அவ ஒரே பிள்ளை.

அக்கா நிறைய ஊர் பார்த்தவ. கணவரோடு ஐரோப்பா முழுவதும் சுற்றியிருக்கிறா. இந்தத் தடவையும் முதலில் சென்னையில் இறங்கி, சிதம்பரம், மதுரை, வேலூர் பார்த்து, பிறகு கொழும்பு வந்து, கண்டி, நுவரெலியா, சிகிரியா, திருகோணமலை எல்லாம் முடித்துக்கொண்டுதான் எங்கள் படலையைத் திறந்தா. திரும்பிப் போவது பலாலியிலிருந்து சென்னைக்கு, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு. எங்கள் வீட்டில் வந்து நாலு நாள் இருந்த பிறகு, "இன்னும் ரெண்டு முழு நாள் இருக்கு. கடைசியா எங்கை கூட்டிக்கொண்டு போகப்போறாய்?" என்று கேட்டா.

அன்றிரவு வீட்டில் பெரிய ஆலோசனை. மருமகன் நெடுந்தீவு என்றார். மகள் காரைநகர் கசூரினாக் கடற்கரை என்றாள். பேரனுக்கு யாழ்ப்பாணக் கோட்டையும் நல்லூரடியில் ஐஸ்கிறீமும். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வான் வாடகை, படகு, மத்தியானச் சாப்பாடு, எட்டுப் பேர். என் கையில் இருந்தது கோழி முட்டை விற்ற காசு. "காப்பை ரெண்டு மாதத்துக்கு வைச்சு எடுத்தால் என்ன?" என்று மகளிடம் மெல்லக் கேட்டேன்.

அவள் குசினிக்குள் வைத்தே சொன்னாள். "அம்மா, பெரியம்மா ஈபிள் கோபுரத்திலை ஏறினவ. நீங்கள் காப்பை வித்தாலும் அதைவிடப் பெரிசாய் ஒண்டும் காட்டேலாது."

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. ஆனால் யோசித்தால் அது உண்மை.

பெரிய இடம் பார்த்தவர்களோடு போட்டி போட்டுப் பெரிய இடம் காட்ட எங்களால் முடியாது. முடிந்தாலும் அவர்களுக்கு அதில் புதிதாய் எதுவும் இராது. நெடுந்தீவு அருமையான இடம். கட்டாக்காலிக் குதிரைகளையும், பெருக்கமரத்தையும், ஒல்லாந்தர் கோட்டையையும், முருகைக்கல்லால் அடுக்கிய வேலிகளையும் வேறு எங்கும் இப்படி ஒன்றாய்ப் பார்க்க முடியாது. ஆனால் குறிகட்டுவான் துறையிலிருந்து கடலில் மட்டும் ஒரு மணித்தியாலம் அளவில் செல்லும். பண்டத்தரிப்பிலிருந்து குறிகட்டுவானுக்குப் போவது ஒரு தனிப் பயணம். கடல் குழம்பினால் படகு ஓடாது. தீவில் அகப்பட்டுவிட்டால் விமானமும் போய்விடும். அங்கே கூட்டிப்போக விரும்பினால் வந்த முதல் கிழமையிலேயே கூட்டிப்போய்விடுங்கள். பயணத்தின் கடைசி நாளைக் கடலை நம்பி வைக்கவேண்டாம். நயினாதீவு என்றால் கடற்பயணம் குறைவு, நாகபூசணி அம்மனைத் தரிசித்துவிட்டு அன்றே திரும்பலாம். அதையும் விமானத்துக்கு முதல் நாள் வைக்காமல் விடுவது நல்லது.

கடைசி நாள் ஏன் இவ்வளவு முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். இதைப்பற்றி அறிஞர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். டானியல் கானெமன் என்ற உளவியலாளர், 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், தன் சகாக்களுடன் செய்த ஓர் ஆய்வை 1993 இல் வெளியிட்டார். ஆட்களைக் குளிர்ந்த தண்ணீருக்குள் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் செய்தார்கள். தண்ணீரின் வெப்பநிலை 14 பாகை. பிறகு இன்னொரு தடவை அதே குளிரில் ஒரு நிமிடம், அதன்மேல் இன்னும் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் மட்டும் தண்ணீரைச் சற்றே, 15 பாகை அளவுக்குச் சூடாக்கினார்கள். "மீண்டும் ஒருமுறை செய்வதானால் எதைத் தெரிவீர்கள்?" என்று கேட்டபோது, பெரும்பாலானோர் நீண்ட நேரம் குளிர்ந்ததையே தெரிந்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததுதான் காரணம். நடந்தது எவ்வளவு நேரம் என்பதை மனம் அவ்வளவாக எண்ணுவதில்லை. உச்சமான கணத்தையும் கடைசிக் கணத்தையுமே பிடித்து வைத்துக்கொள்கிறது.

எங்கள் பழைய வழக்கத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். வந்தவர்கள் ஒரு மாதம் எங்களோடு இருப்பார்கள். கடைசியில் இரவு பஸ்ஸில் நானூறு கிலோமீற்றர் இடிபட்டுக் கொழும்பு போய், வெள்ளவத்தையில் ஓர் அறையில் பெட்டி கட்டி, வாகன நெரிசலில் கட்டுநாயக்காவுக்கு ஓடுவார்கள். ஊரைப்பற்றிய கடைசி நினைவு அந்த ஓட்டம்தான். இப்போது வேறு வழியும் உண்டு. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 இல் கொரோனாவோடு நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. சென்னை வழியாகப் போகிறவர்களுக்குப் பண்டத்தரிப்பிலிருந்து பலாலி கூப்பிடு தூரம்தான், பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர். கடைசி நாளையும் ஊரிலேயே கழிக்கலாம். ஒன்றை மட்டும் முன்னரே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் இறங்கி இலங்கை வந்து மறுபடி சென்னை போகிறவர்களுக்கு, ஒரு தடவை மட்டும் நுழையக்கூடிய இந்திய விசா போதாது. வருவது சின்ன விமானம் என்றால் பொதியின் நிறையும் குறைவாகவே அனுமதிப்பார்கள். பயணச்சீட்டில் அதை வாசித்துவிட்டுப் பெட்டி கட்டச் சொல்லுங்கள்.

சரி, அக்காவின் கதைக்கு வருகிறேன்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. எழும்பி விளக்கைப் போட்டுப் பஞ்சாங்கக் கலண்டரைப் பார்த்தேன். நாளை மறுநாள் சித்திரைப் பூரணை. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கும் நாள். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரைப் பூரணை என்பது எங்கள் வழக்கம் அல்லவா? கலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அக்கா வந்து நாலு நாளாகியும் பெரியம்மாவின் கடைசி நாட்களைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பது வருடத் தொலைபேசிக் கதையிலும் நாங்கள் இருவரும் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித்தான் போயிருக்கிறோம்.

காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். "அக்கா, நாளைக்குச் சித்திரைப் பூரணை. இண்டைக்குப் பெரியம்மா கடைசியா இருந்த இடத்துக்குப் போவமோ? நாளைக்குக் கீரிமலைக்குப் போவம்."

அக்கா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. "அதைத்தான் நான் கேக்கப் பயந்துகொண்டு இருந்தனான், பிள்ளை" என்றா.

வான் பிடிக்கவில்லை. சந்தியில் பஸ் ஏறினோம். பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து கண்டி வீதி வழியே தென்மராட்சி. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு இதே வழியால்தான் வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள்ளால் நடந்தது. நாவற்குழிப் பாலத்தை பஸ் கடக்கும்போது, இந்தப் பாலத்துக்கு வருவதற்கு எங்களுக்கு அன்று எவ்வளவு நேரம் சென்றது என்று சொன்னேன். விடிய விடிய நடந்தோம். பெரியம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி ஒருவர் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன். இப்போது பஸ் அந்தப் பாலத்தைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தா.

நாங்கள் தங்கியிருந்தது ஒரு பாடசாலை. இப்போது புதுக் கட்டடம் வந்திருக்கிறது. பழைய மண்டபத்தின் அத்திவாரமும் மூலையில் ஒரு வேப்பமரமும் அப்படியே இருக்கின்றன. அதிபரிடம் சொல்லி உள்ளே போனோம். வேம்புக்குக் கீழ் நின்றுதான் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். தை மாதத்தில் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைத்தது, ஆனால் உடம்பு ஏற்கவில்லை. கடைசி இரண்டு நாளும் "எங்கடை கிணத்துத் தண்ணி கொஞ்சம் தா" என்றே கேட்டுக்கொண்டிருந்தா. நான் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து "இது எங்கடை கிணத்துத் தண்ணிதான் பெரியம்மா" என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இல்லை, இது உவரடி" என்றா. அதுதான் அவ தெளிவாய்ச் சொன்ன கடைசி வார்த்தை.

அக்கா அழவில்லை. கோபப்பட்டா. "ஏன் இவ்வளவு வரியமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, அக்கா."

அப்படிச் சொன்னபோது எனக்குள்ளும் ஒரு கோபம் இருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். எல்லாவற்றையும் தனியே சுமந்தேனே என்ற கோபம். அக்காவுக்கோ, பக்கத்தில் இருக்கவில்லையே, கடிதம் வந்து சேரும்போதே முப்பத்தொன்று கழிந்துவிட்டதே என்ற குற்ற உணர்வு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்துகொண்டிருந்தன. மரத்தடியில் நெடுநேரம் இருந்தோம். பிறகு சுடலைப் பக்கம் போய்த் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அக்கா நேரே கிணற்றடிக்குப் போனா. தானே வாளியை விட்டு அள்ளி, கையில் ஏந்திக் குடித்தா. ஒரு செம்பிலும் நிரப்பி மூடி வைத்தா.

பொழுது படுவதற்கு முன் இன்னுமொரு நடை நடந்தோம். அக்கா வேலூருக்குப் போய் அங்குள்ள பெரிய மருத்துவமனையைப் பார்த்து வியந்து வந்தவ. "அந்த ஆஸ்பத்திரியின்ரை கதை எங்கடை ஊரிலைதான் தொடங்கினது தெரியுமோ?" என்று கேட்டேன். தெரியாது என்றா. 1820 இல் ஜோன் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் மனைவி ஹரியற்றுடன் பண்டத்தரிப்புக்கு வந்து மிசன் பணியைத் தொடங்கி, இங்கே வைத்தியசாலையும் நடத்தினார். அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கு வந்த முதல் மருத்துவ மிசனரி அவர் என்பார்கள். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த தங்கள் பெண்களுக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விடமாட்டோம் என்று அவருடைய தகப்பனாரை மறுத்தார்கள். விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அதைப் பார்த்த ஐடா தானே மருத்துவம் படித்து வந்து, 1900 இல் வேலூரில் ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918 இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் திறந்தார். எங்கள் பக்கத்தில் 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையும், மானிப்பாயில் இருந்து மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கிய சமுவேல் கிறீன் வைத்தியரின் பணியும் இதே மிசனின் கிளைகள்தான்.

"நான் இந்த ரோட்டாலை எத்தினை தரம் பள்ளிக்கூடம் போயிருப்பன்" என்று அக்கா அதிசயப்பட்டா. அந்த நடைக்கு ஐந்து சதமும் செலவில்லை.

மறுநாள் அதிகாலை ஓட்டோவில் கீரிமலைக்குப் போனோம். ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறும் அந்தக் கேணியில், பெண்களுக்கான பக்கத்தில் இருவரும் முழுகினோம். அன்று சனம் நிறைய. ஒவ்வொருத்தியும் ஒரு தாயை நினைத்துக்கொண்டு நின்றாள். நகுலேஸ்வரத்தில் பெரியம்மாவின் பெயருக்கு மோட்ச அர்ச்சனை செய்து, அரிசியும் காய்கறியும் தானம் கொடுத்தோம். பிறகு அக்கா செம்பில் கொண்டுவந்த எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கடலில் மெல்ல ஊற்றினா. "இது எங்கடை கிணத்துத் தண்ணிதான் அம்மா" என்று அவ சொன்னது என் காதில் விழுந்தது. நான் அன்று சொன்ன பொய்யை முப்பது வருடத்தின் பின் அக்கா உண்மையாக்கினா.

வீட்டுக்குத் திரும்பி, பக்கத்துக் கோயிலில் சித்திரைக் கஞ்சி வாங்கிக் குடித்தோம். அக்காவின் வெளிநாட்டுப் பயணம் அந்தக் கஞ்சியோடு முடிந்தது. மறுநாள் பலாலியில் பிரியும்போது, "இந்தப் பயணத்திலை நான் பாத்த இடங்களுக்குள்ளை அந்த வேப்பமரம்தான்" என்று சொல்லத் தொடங்கி, முடிக்காமலே உள்ளே போய்விட்டா.

சகோதரிகளே, எல்லோருடைய வீட்டிலும் இதே கதை இராது. ஆனால் கடைசி இடத்தைத் தெரிவதற்கு நான் படித்துக்கொண்ட மூன்று கேள்விகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இந்த இடத்தை இவருக்கு வேறு யாராவது, வேறு எங்காவது காட்ட முடியுமா? முடியும் என்றால் அது கடைசி நாளுக்கு உரியதல்ல. அவருடைய பள்ளிக்கூடம், அவர் முதன்முதல் நேர்த்தி வைத்த கோயில், பழைய சிநேகிதியின் வீடு, தகப்பன் வலை இழுத்த கரை, இவற்றை உங்களால் மட்டுமே காட்ட முடியும். கத்தோலிக்கச் சகோதரிகளுக்குப் பக்கத்திலேயே சில்லாலை கதிரை மாதா கோயில் இருக்கிறது. கடலோரம் பொழுதுபடுவதைப் பார்க்க மாதகல் இருக்கிறது. சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் கூறும் ஜம்புகோளம் மாதகலின் சம்பில்துறைதான் என்பர்.

இரண்டாவது, இதற்காக நான் கடன்பட வேண்டுமா? பட வேண்டும் என்றால் வேண்டாம். வந்தவர் போய்விடுவார், தவணை கட்டுவது நீங்கள். உங்கள் நிலைமையை வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாகனச் செலவை அவர் கொடுக்க முன்வந்தால் மறுக்காதீர்கள். பரிசுப் பொருள் வாங்க விரும்பினால், பனங்கட்டிக் குட்டான், ஒடியல் மா, புழுக்கொடியல், பனையோலைப் பெட்டி செய்யும் உங்கள் ஊர்ப் பெண்களிடம் கூட்டிப்போங்கள். காசு ஊரிலேயே நிற்கும். உணவுப் பொருட்களைக் கனடா போன்ற நாடுகளில் சுங்கத்தில் சொல்லியே கொண்டுபோக வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள்.

மூன்றாவது, அந்த இடத்துக்குப் போக எனக்கும் மனம் இருக்கிறதா? இதை மறக்கவேண்டாம். எல்லாக் காயத்தையும் விருந்தாளிக்காகத் திறந்து காட்டவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிள்ளையைத் தொலைத்த இடத்தை, கணவனைக் கடைசியாகக் கண்ட சந்தியை, "வாருங்கோ, காட்டுறன்" என்று சொல்ல உங்களுக்கு இப்போது பலம் இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லுங்கள். கிணற்றடியில் இருந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடித்தாலும் அது நல்ல கடைசி நாள்தான். எனக்கே அந்த வேம்படிக்குப் போக முப்பது வருடம் பிடித்தது.

என் காப்பு இப்போதும் கையில் இருக்கிறது. அக்கா கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுக்கிறா. முன்பு காலநிலையும் விலைவாசியும் பேசுவோம். இப்போது பெரியம்மாவைப்பற்றிப் பேசுகிறோம். போன கிழமை, "உவர்த் தண்ணி எண்டு சொன்னவ, பிறகு சிரிச்சவவோ?" என்று கேட்டா. சிரித்தவதான். அதைச் சொல்ல நான் மறந்துபோயிருந்தேன்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.